கால்நடைப் பண்ணைத் தொழிலாளர் மேற்பார்வையாளராக வழி வேண்டும்

திருகோணமலை என்றதும் நினைவுக்கு வருவது அதன் இயற்கைத் துறைமுகமே. துறைமுகத்திலும், சீனக்குடாவில் 1980 முதல் இயங்கிவரும் மா ஆலை போன்ற தொழிற்சாலைகளிலும் வேலைக்குச் சேரும் ஒருவருக்குத் தம் முன்னாலுள்ள படிகள் தெரியும். உதவியாளராகச் சேர்ந்தவர் அனுபவமும் பயிற்சியும் பெற்று, ஒரு நாள் மேற்பார்வையாளராகலாம் என்ற நம்பிக்கை அங்கே உண்டு. ஆனால் துறைமுகத்திலிருந்து சற்றே உள்நோக்கிச் சென்றால், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், சேருவில, வெருகல், குச்சவெளி ஆகிய பகுதிகளின் மாட்டுப் பட்டிகளில் நிலைமை வேறு. இருபது வருடம் மாடு பார்த்தவர் இருபத்தோராவது வருடமும் மாடு பார்ப்பவராகவே இருக்கிறார். அவர் பெற்ற அறிவுக்குப் பெயருமில்லை, பத்திரமுமில்லை, சம்பள உயர்வுமில்லை.

இத்தொழிலாளரிடம் அறிவில்லை என்று எவரும் கூற முடியாது. பெரும்போகத்துக்கு வயல்கள் விதைக்கப்படும்போது பட்டிகளை வயல்வெளியிலிருந்து காட்டோரத் தரைகளுக்குச் சாய்த்துச் செல்வதும், அறுவடை முடிந்தபின் அடிக்கட்டைகளை மேயத் திருப்பிக் கொண்டுவருவதும் தலைமுறை தலைமுறையாக வந்த கணக்கு. நூறு மாடுகள் உள்ள பட்டியில் எந்தப் பசு எந்தக் கன்றின் தாய், எந்த நாகு முதற் சினையில் இருக்கிறது, எந்த எருமை காலையில் இரை எடுக்கவில்லை என்பதை ஏட்டைப் பார்க்காமலே சொல்லக்கூடியவர்கள் தமிழரிலும் முஸ்லிம்களிலும் ஏராளம்.

எனினும் பட்டி மேய்ப்பதும் பண்ணையை மேற்பார்வை செய்வதும் ஒன்றல்ல. பசுவின் சினைப்பருவம் ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை வரும். காலையில் அறிகுறி கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாட் காலையும் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் செய்விக்க வேண்டும் என்பது பொது விதி. ஒரு பருவம் தவறினால் மூன்று வாரப் பால் தள்ளிப்போகிறது. இதைக் கண்ணால் அறிவது தொழிலாளியின் திறமை. திகதியிட்டு எழுதி, உரிய உத்தியோகத்தருக்கு அறிவித்து, பலனைச் சரிபார்ப்பது மேற்பார்வையாளரின் கடமை. மடியழற்சியைத் தொடக்கத்திலேயே கண்டறிதல், நுண்ணுயிர்கொல்லி மருந்து ஏற்றப்பட்ட பசுவின் பாலை உரிய காலம் முடியும்வரை விற்பனைப் பாலோடு கலக்காமை, கால்வாய் நோய்த் தடுப்பூசித் திகதிகள், உரிமைச் சீட்டுகள், வரவு செலவு ஆகியனவும் அவரது பொறுப்பே. இவற்றுக்கு மேலாக, நேற்றுவரை தம்மோடு சேர்ந்து பால் கறந்தவர்களுக்கு இன்று வேலை பிரித்துக் கொடுக்கவும், தவறைச் சுட்டிக்காட்டவும், புதியவருக்குக் கற்பிக்கவும் அவர் பழக வேண்டும். மிகக் கடினமான பாடம் இதுவே.

இப்பயிற்சி இல்லாமையின் விலையை நாம் கண்டிருக்கிறோம். 2022 டிசம்பரில் மாண்டஸ் சூறாவளி வங்கக் கடலில் நகர்ந்தபோது, வடக்கிலும் கிழக்கிலும் திடீரென வீசிய குளிர்காற்றில் ஆயிரத்துக்கும் அதிகமான மாடுகளும் ஆடுகளும் இறந்தன. திருகோணமலை மாவட்டமும் தப்பவில்லை. எல்லா உயிர்களையும் காத்திருக்கலாம் என்று நாம் கூறவில்லை. ஆயினும் வானிலை அறிவிப்பைக் கேட்டவுடன் கன்றுகளையும் மெலிந்தவற்றையும் காற்று மறைப்புக்குக் கொண்டுசெல்லவும், உலர்ந்த வைக்கோலும் மேலதிகத் தீனும் கொடுக்கவும் ஆணையிடும் பொறுப்பு எவருக்கும் ஒப்படைக்கப்படாத பட்டிகளில் அந்த இரவு யார் முடிவெடுப்பது?

தேசிய மட்டத்திலும் இதே குறையைக் காணலாம். 2012 முதல் அரச பண்ணைகளுக்கும், 2017 இல் தனியார் பண்ணையாளருக்குமாக வெளிநாட்டிலிருந்து சினை நாகுகள் ஆயிரக்கணக்கில் இறக்குமதி செய்யப்பட்டன. 2017 இல் வந்தவற்றில் பல நோயுற்றன, பல இறந்தன, எதிர்பார்த்த பால் கிடைக்காமல் பண்ணையாளர்கள் கடனில் விழுந்தனர். அவற்றின் உடல்நிலை பற்றிய சர்ச்சை ஒருபுறமிருக்க, உயர்ரக மாட்டை நாள்தோறும் பராமரிக்கத் தெரிந்த பயிற்றப்பட்ட ஆளணி இல்லாமல் மாட்டை மட்டும் வாங்குவது பயன் தராது என்பது அதிலிருந்து கிடைத்த பாடம். பாற்றேவையில் பாதியைக்கூட உள்நாட்டில் உற்பத்தி செய்ய இயலாத நாடு, 2022 நெருக்கடியின்போது பால்மாவுக்கு வரிசையில் நின்றதை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வழி இல்லாமலில்லை. 2000 களின் நடுப்பகுதியில் அறிமுகமான தேசிய தொழிற்றகைமை முறை ஏழு படிகளைக் கொண்டது. முதல் நான்கு படிகள் சான்றிதழ் தரம். 5 ஆம், 6 ஆம் படிகள் தொழினுட்பவியலாளர் தரத்திலிருந்து முகாமைத்துவம் வரை செல்லும் டிப்ளோமாக்கள். 7 ஆம் படி பட்டம். இதனை நெறிப்படுத்துவது மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. பாடசாலைக் கல்வியை இடையில் விட்டவருக்கும் இம்முறையில் இடமுண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற ஏற்பாட்டின்படி, ஏற்கனவே தொழில் தெரிந்தவர் வகுப்பறையில் உட்காராமலே மதிப்பீட்டாளர் முன்னிலையில் தம் திறமையைக் காட்டித் தகைமை பெறலாம். 1971 இல் தேசிய தொழிற்பயிலுநர் சபை தோன்றிய காலம் முதலே, வேலைத்தளத்திலேயே கற்கும் முறையும் நமக்குப் புதிதல்ல.

ஜேர்மனியில் கால்நடை வளர்ப்பு மூன்றாண்டுத் தொழிற்பயிற்சியாகும். பயிலுநர் பண்ணையிலும் தொழிற்பாடசாலையிலுமாகக் கற்கிறார். அனுபவத்தின்பின் 'மைஸ்டர்' எனும் தேர்ச்சி பெற்றால் அவரே மற்றவரைப் பயிற்றும் உரிமை பெறுகிறார். நியூசிலாந்தில் பண்ணை உதவியாளராகத் தொடங்கியவர் மந்தைப் பொறுப்பாளராகி, பண்ணை முகாமையாளராகி, இறுதியில் இலாபத்தில் பங்குபெறும் பண்ணையாளராகவும் உயர வழியுண்டு. இரு நாடுகளிலும் பண்ணையே பாடசாலை.

திருகோணமலைக்கு ஏற்ற முறையை வகுக்கும்போது சில விடயங்கள் கவனிக்கப்பட வேண்டும். முதலாவது, நாட்கூலி பெறுபவரை மாதக்கணக்கில் வெளியூர்ப் பயிற்சிக்கு அழைப்பது அவர் வீட்டு அடுப்பை அணைப்பதற்குச் சமம். ஆகவே கறவை முடிந்த வேளையில், அவர் வேலை செய்யும் இடத்திலேயே, கிழமைக்கு ஒருநாள் என்ற அளவில் பாடம் அமைய வேண்டும். இரண்டாவது, பாடநூலும் மதிப்பீடும் தமிழில், பட்டிக்காரருக்கு விளங்கும் சொற்களில் இருத்தல் வேண்டும். மூன்றாவது, எழுத வாசிக்கத் தயங்குபவருக்குப் பதிவேடு எழுதவும் கைத்தொலைபேசியில் பதியவும் முதலில் கற்பிக்க வேண்டும். நான்காவது, கன்று வளர்ப்பையும் பாற்பொருள் தயாரிப்பையும் பெரும்பாலும் கவனித்துவரும் பெண்களுக்கு இடம் ஒதுக்கப்பட வேண்டும்.

கால்நடை வளர்ப்பு, 1987 இல் நிறைவேறிய 13 ஆவது திருத்தத்தின் கீழ் மாகாண சபைப் பட்டியலில் உள்ள விடயம். எனவே கிழக்கு மாகாண கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் முன்னின்று, கால்நடை வைத்திய அதிகாரிகளையும் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்தையும் பாற்பண்ணையாளர் கூட்டுறவுச் சங்கங்களையும் இணைக்க முடியும். பண்ணை உரிமையாளர்களுக்கும் பொறுப்புண்டு. தகைமை பெற்றவருக்குச் சம்பளம் உயராவிட்டால் சான்றிதழ் சுவரில் தொங்கும் படமாகவே முடியும். பயிற்றினால் வேறிடம் போய்விடுவார் என்று அஞ்சுவோர், பயிற்றப்படாதவர் தம்மிடமே தங்கிவிட்டால் ஏற்படும் நட்டத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேய்ச்சற் தரை சுருங்கிவரும் பிரச்சினையைப் பயிற்சி தீர்த்துவிடாது என்பதையும் நாம் மறைக்கவில்லை; அதற்குத் தனியான தீர்வு அவசியம்.

2004 ஆழிப்பேரலையிலும் 2006 மாவிலாற்றுப் போரிலும் பட்டிகளை இழந்து, மீண்டும் ஒரு கன்றிலிருந்து தொடங்கிய மக்கள் இம்மாவட்டத்தில் தமிழரிலும் உண்டு; முஸ்லிம்களிலும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் இன்று தந்தையின் தொழிலை விட்டு மத்திய கிழக்குக்கோ கொழும்புக்கோ புறப்படுவதற்குக் காரணம் மாடு மீதுள்ள வெறுப்பல்ல. அத்தொழிலில் உயர்வைக் காணாமையே. உழைப்பவருக்கு ஏறுவதற்கு ஒரு படியை அமைத்துக் கொடுத்தால் பட்டியும் பெருகும், பாலும் பெருகும். சம்பந்தப்பட்டோர் இனியும் தாமதிக்கலாகாது என்பதே நமது வேண்டுகோளாகும்.