தீங்கு குறைந்த புகை: ஒரு தேடலின் வரலாறு

புகையிலை என்னும் தமிழ்ச்சொல் தன் பொருளைத் தானே உரைப்பது. இலை ஒன்று உண்டு, அது புகையும், அப்புகையை மாந்தர் உட்கொள்வர். அமெரிக்கக் கண்டங்களில் தொன்றுதொட்டு நிலவிய இவ்வழக்கம், 1492இல் கொலம்பஸ் அங்குச் சென்றபின் ஐரோப்பாவுக்கும், பின்னர் ஆசிய நாடுகளுக்கும் பரவிற்று. இன்றோ, இலையுமின்றி நெருப்புமின்றி, மின்கலத்தால் இயங்கும் சிறு கருவியொன்று புகைப்போர் கைக்கு வந்துள்ளது. 'முந்தையதைவிடப் பாதுகாப்பானது; முந்தையதைவிட நன்கு இயங்குவது' என்னும் உறுதிமொழியும் உடன் வந்துள்ளது. இவ்வுறுதிமொழி புதியதன்று. எழுபதாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அதற்கு உண்டு.

அச்சத்தின் தோற்றம்

1881இல் ஜேம்ஸ் பொன்சாக் என்னும் அமெரிக்கர், வெண்சுருட்டு எனப்படும் சிகரெட்டைச் சுற்றும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். கையால் சுற்றிய பொருளை இயந்திரம் ஒரே நாளில் நூறாயிரத்திற்கும் மேலாகச் சுற்றித் தள்ளியது. விலை தாழ்ந்தது, வழக்கம் பெருகிற்று.

1950ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் ஆகியோரும், அமெரிக்காவில் விண்டர், கிரகாம் ஆகியோரும், புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைத் தனித்தனி ஆய்வுகளால் காட்டினர். மக்கள் அஞ்சினர். புகைப்பதை விட்டவர் சிலரே. ஏனையோர், அஞ்சாமல் புகைக்க வழியுண்டோ எனத் தேடினர். அத்தேடலுக்கு விடைதர வணிகர் முந்தினர்.

வடிகட்டியின் கதை

முதல் விடை வடிகட்டி. 1952இல் லோரிலார்ட் நிறுவனம் 'கென்ட்' என்னும் வெண்சுருட்டை வெளியிட்டது. அதன் வடிகட்டி, உடல்நலத்தைக் காப்பது என்று விளம்பரம் செய்யப்பட்டது. அவ்வடிகட்டியில் அமைந்த பொருள் யாது? குரோசிடோலைட் எனப்படும் நீலக் கல்நார். நுரையீரலுக்குக் கொடிய கேடு விளைக்கும் கல்நார் வகைகளுள் ஒன்று அது. 1956 வரை அது பயன்பட்டது. 1953இல் அவ்வடிகட்டிப் பொருளைச் செய்த தொழிற்சாலையில் உழைத்த 33 பேரைப் பற்றிய ஆய்வு 1989இல் வெளியாயிற்று. இயல்பாக எட்டுப் பேர் அளவே இறந்திருக்க வேண்டிய காலத்தில் 28 பேர் இறந்திருந்தனர். காக்க வந்த கவசமே கொல்லும் படைக்கலமாயிற்று.

கல்நார் நீங்கிய பின்னும் வடிகட்டியின் மதிப்புக் குறையவில்லை. 1950இல் மிக அருகியே விற்ற வடிகட்டி வெண்சுருட்டு, 1960 அளவில் அமெரிக்க விற்பனையில் பாதியைக் கைப்பற்றிற்று.

இயந்திரம் புகைத்தது, மனிதன் மாண்டான்

அடுத்து வந்தது 'மென்மையான' வெண்சுருட்டு. 1967 முதல் அமெரிக்காவில் தார், நிகோட்டின் அளவுகள் இயந்திரத்தால் அளக்கப்பட்டன. நிமிடத்திற்கு ஒருமுறை, இரண்டு வினாடி, 35 மில்லிலிட்டர் என்னும் கணக்கில் இயந்திரம் புகையை இழுக்கும். வடிகட்டியைச் சுற்றி நுண்ணிய துளைகளை இட்டால் காற்று கலந்து அளவு குறையும். ஆனால், மனிதன் இயந்திரமல்லன். அவன் விரலும் உதடும் துளைகளை மூடின. உடல் கேட்கும் நிகோட்டின் கிட்டாதபோது ஆழமாகவும் அடிக்கடியும் இழுத்தான். எண் தாழ்ந்தது, நோய் தாழவில்லை. இம்மாற்றங்களால் பொதுநலத்திற்கு நன்மை விளைந்ததாகச் சான்றில்லை என அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் அறிக்கை 2001இல் உரைத்தது. 2006இல், நிறுவனங்கள் மக்களை ஏமாற்றின என்று நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பளித்தார். 'லைட்', 'மைல்டு' என்னும் சொற்கள் 2010 முதல் அந்நாட்டு வெண்சுருட்டுப் பெட்டிகளில் தடைசெய்யப்பட்டன.

தீயை நீக்கும் முயற்சி

இதற்கிடையே வேறொரு சிந்தனையும் வளர்ந்தது. மனிதன் நிகோட்டினுக்காகப் புகைக்கிறான்; அவனைக் கொல்வதோ இலை எரிவதால் எழும் தாரும் நச்சுப்புகையும் என 1976இல் இலண்டன் ஆய்வாளர் மைக்கேல் ரசல் எடுத்துரைத்தார். நிகோட்டின் தீங்கற்றது என்பதன்று இதன் கருத்து. அது அடிமைப்படுத்தும், ஆனால், புற்றுநோயின் முதன்மைக் காரணம் எரிதலே என்பதாகும். அங்ஙனமாயின், எரிக்காமல் நிகோட்டினைத் தரலாகாதா? சுவீடனில் ஓவே ஃபெர்னோ உருவாக்கிய நிகோட்டின் மெல்லுபிசின் இவ்வினாவுக்கு மருத்துவம் தந்த விடை.

கருவி வழியாக விடை தேடியோரும் உளர். பென்சில்வேனியாவைச் சார்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட், புகையும் புகையிலையும் இல்லாத வெண்சுருட்டுக்கு 1965இல் காப்புரிமை பெற்றார். அது விற்பனைக்கு வரவில்லை. 1988இல் ரெனால்ட்ஸ் நிறுவனம், புகையிலையை எரிக்காமல் சூடேற்றும் 'பிரிமியர்' என்பதை வெளியிட்டது. அதன் சுவையும் மணமும் மக்களுக்குப் பிடிக்கவில்லை; மறு ஆண்டே மறைந்தது.

வெற்றி கண்டவர் சீன மருந்தாளுநர் ஹான் லிக். தாமும் புகைப்பவரான அவர், தம் தந்தையை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 2003இல் அவர் வடிவமைத்த கருவி, நிகோட்டின் கலந்த நீர்மத்தை மீயொலி அதிர்வால் நுண்துளிகளாக்கியது. பின்வந்தோர் அதிர்வுக்கு மாறாகச் சூடேறும் கம்பிச்சுருளை அமைத்தனர். மின்சிகரெட் பிறந்தது.

மேம்பாட்டின் இருமுகம்

கருவி ஆண்டுதோறும் திருந்திற்று. நீர்மம் தாங்கும் கலம் பெரிதாயிற்று. மின்னழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி வந்தது. ஆயினும் ஆற்றல் பெருகியபோது இடரும் பெருகிற்று. 3.3 வோல்ட்டில் காணப்படாத பார்மால்டிஹைடுச் சேர்மங்கள் 5 வோல்ட்டில் தோன்றின என 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. அத்துணைச் சூட்டில் ஆவி கருகி நாறுமாதலின் எவரும் இழுக்கமாட்டார் என மறுத்தோரும் உண்டு. கம்பியின் மின்தடை சூட்டுக்கேற்ப உயர்வதைக் கணித்து மின்சாரத்தைத் தானே குறைக்கும் கருவிகள் வந்தன. இது மெய்யான மேம்பாடு. மறுபுறம், தரங்குறைந்த லித்தியம் மின்கலங்கள் வெடித்து முகமும் கையும் கருகியோர் பலர்.

2015இல் வெளிவந்த 'ஜூல்' நிகோட்டினை உப்பு வடிவில் தந்தது. தொண்டை எரிச்சல் குறைந்ததால் மிகு நிகோட்டினை எளிதாக உள்ளிழுக்க முடிந்தது. நன்கு இயங்குவது என்னும் அளவுகோலில் இது பெருவெற்றி. அவ்வெற்றியே கேடாயிற்று. 2018இல் அமெரிக்காவில் 36 இலட்சத்திற்கு மேற்பட்ட மாணவர் மின்சிகரெட்டைப் பயன்படுத்தினர். 2019இல் வைட்டமின் ஈ அசிட்டேட் கலந்த கஞ்சாச்சாறு நீர்மங்களோடு பெரிதும் தொடர்புடைய நுரையீரல் நோய் பரவியது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனைக்குச் சென்றனர். 68 பேர் மாண்டனர்.

எதைவிடப் பாதுகாப்பானது?

2015இல் இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறை, மின்சிகரெட் வெண்சுருட்டினும் 95 விழுக்காடு தீங்கு குறைந்தது என மதிப்பிட்டது. அவ்வெண்ணைப் பற்றிய வாதம் ஓயவில்லை. எனினும், பல்லாண்டு புகைத்தவர் முற்றாக மாறினால் நச்சு குறையும் என்பது பொதுவாக ஏற்கப்பட்டதே. சிங்கப்பூர் வேறு வழி கொண்டது. 2018 பிப்ரவரி முதல் வைத்திருப்பதையும் பயன்படுத்துவதையும் அது தடைசெய்தது. ஆயினும், எட்டோமிடேட் என்னும் மயக்கமருந்து கலந்த கருவிகள் மறைவாகப் புகவே, 2025 செப்டம்பரில் அம்மருந்து போதைப்பொருள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மலேசியாவில் 2023 மார்ச் இறுதியில் நிகோட்டின் நீர்மம் நச்சுப் பட்டியலினின்று நீக்கப்பட்டது. சிறார்க்கு விற்பதைத் தடுக்கும் சட்டமோ 2024 அக்டோபரில்தான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட பதினெட்டு மாதங்கள் சிறுவர்க்குக் காப்பில்லாக் காலமாயின.

இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் ஒன்றே. 'பாதுகாப்பானது' என்பது தனித்து நிற்கும் சொல்லன்று, 'எதைவிட?' என்னும் வினாவோடு சேர்ந்தே அதற்குப் பொருள். நாற்பதாண்டு புகைத்த முதியவர்க்கு ஒப்பீடு, எரியும் வெண்சுருட்டு. அவர்க்கு மின்சிகரெட் ஓர் இறங்குபடி ஆகலாம். ஒருநாளும் புகைக்காத பதினான்கு வயது மாணவனுக்கு ஒப்பீடு, தூய காற்று. அவனுக்கு அது எவ்வளவு திருந்திய கருவியாயினும் ஏறுபடியே. அவ்வினாவைக் கேட்கும் பழக்கத்தை வகுப்பறையில் ஊட்டும் ஆசிரியர், கருவியைப் பறிப்பவரினும் பெரிய காவலர் ஆவர்.