சட்டமன்ற நடைமுறைச் சொற்கள் (போடிநாயக்கனூர்)

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர், தமிழ்நாடு சட்டமன்றத்தின் 234 தொகுதிகளுள் ஒன்று. 1989இல் இங்கு வென்ற ஜெ. ஜெயலலிதா, சட்டமன்றத்தின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரானார்.

ஊர்க் கோரிக்கை அவைக்குள் செல்லப் பல வழிகள் உண்டு. கேள்வி நேரத்தில் உறுப்பினர் கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அவசரப் பிரச்சினைக்குக் கவன ஈர்ப்புத் தீர்மானம். ஒரு துறைக்கான செலவை அவை ஏற்கும் கட்டம் மானியக் கோரிக்கை. அதில் குறை சுட்ட வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். சட்டமன்ற நடைமுறை விதிகளில் 110ஆவது விதியின் கீழ் அமைச்சர் படிக்கும் அறிக்கைக்கு விவாதம் கிடையாது. அறிவிப்பு வந்ததும் ஓயாமல், அரசாணை வெளியானதா என்று கேட்பதே முக்கியம்.

எந்த அவையை அணுகுவது என்பது மலையடிவாரத்தில் உள்ள போடிநாயக்கனூரில் உண்மையாகவே சிக்கலானது. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறும் ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர்கள் வாக்களிப்பது தமிழ்நாட்டில். வேலை செய்வது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். தோட்டக் கூலி திருவனந்தபுரத்தின் பொறுப்பு. ஏலக்காய் மின்னணு ஏலத்தை மேற்பார்வையிடும் நறுமணப் பொருள் வாரியமோ 1986ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. அதற்கான குரலை நாடாளுமன்ற உறுப்பினரே எழுப்ப வேண்டும். தெருவிளக்கு, குடிநீருக்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம்: சுற்றுக் கிராமங்களில் கிராம சபை, நகரில் நகராட்சி. கிராம சபைத் தீர்மானத்தின் நகலைக் கையெழுத்துடன் வாங்கி மனுவோடு இணைப்பது கோரிக்கைக்கு வலுச் சேர்க்கும்.