தாய்ப்பாலும் பிள்ளைப்பேற்று இடைவெளியும்: ஒரு வரலாற்று நோக்கு

கருத்தடை மாத்திரை 1960-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெறுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, உலகின் பல சமூகங்களில் ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடையே இரண்டு முதல் நான்கு ஆண்டு வரை இடைவெளி இருந்துவந்தது. அந்த இடைவெளியை உண்டாக்கிய காரணங்களுள் முதன்மையானது தாய் தன் குழந்தைக்கு நெடுநாள் பாலூட்டியதே ஆகும். மகப்பேற்றுக்குப் பின் தாய் பாலூட்டுவதால் மாதவிடாய் திரும்பாமல் தள்ளிப்போகும் நிலையை மருத்துவ நூல்கள் பாலூட்டற்கால மாதவிடாயின்மை என்று குறிக்கின்றன. அந்நிலையில் கருமுட்டை வெளிப்படுவது பெரும்பாலும் நின்றிருப்பதால் கருவுறுதலும் அரிதாகவே நிகழ்கிறது. இது உடலில் இயல்பாக அமைந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயினும், குழந்தைக்கு யார் பாலூட்டுகிறார், எத்தனை முறை ஊட்டுகிறார், இரவில் குழந்தை எங்கே உறங்குகிறது, தாயின் உழைப்பு அவளைக் குழந்தையிடமிருந்து எவ்வளவு நேரம் பிரிக்கிறது என்பவற்றைப் பொறுத்தே அது முழுமையாகச் செயற்படவோ சிதைந்துபோகவோ செய்கிறது என்பதை வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

பாலூட்டும் பெண்ணுக்கு மாதவிடாய் வருவதில்லை, அவள் கருவுறுவதும் இல்லை, அவ்வாறு கருவுற்றால் பால் வற்றிவிடும் என்று கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதியுள்ளார். அவருக்குப் பிற்பட்ட கேலன் முதலிய மருத்துவர்கள், உடலுறவு தாய்ப்பாலைக் கெடுத்துவிடும் என்று கற்பித்தனர். இக்கருத்து ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நிலைத்து நின்றமையால், கணவன் விலகியிருக்க வேண்டும் அல்லது குழந்தையை வேறொருத்தியிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற இரண்டு வழிகளே குடும்பங்களுக்கு முன் இருந்தன. வசதி படைத்தவர்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்து, கூலிக்குப் பாலூட்டும் செவிலியரை அமர்த்தினர்.

அதன் விளைவை 16, 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் குடும்பப் பதிவுகளில் காணலாம். அவற்றை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் டோரதி மெக்லாரன், தம் குழந்தைகளைச் செவிலியரிடம் விட்ட செல்வர் வீட்டு மனைவியர் ஏறத்தாழ ஆண்டுக்கொரு பிள்ளை பெற்றதையும், தாமே பாலூட்டிய எளிய குடும்பப் பெண்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையே பெற்றதையும் எடுத்துக்காட்டினார். லிங்கன் சீமாட்டி எலிசபெத் கிளின்டன் 18 பிள்ளைகளைப் பெற்று, எல்லாரையும் செவிலியரிடமே வளரவிட்டவர். அதற்காகப் பிற்காலத்தில் வருந்திய அவர், தாயே பாலூட்ட வேண்டும் என்று வலியுறுத்தும் சிறு நூலொன்றை 1622-இல் வெளியிட்டார். மரபுரிமைக்கு ஆண்மக்கள் பலர் வேண்டும் என்று எண்ணிய உயர்குடிகளுக்குச் செவிலி வழக்கம் ஏற்றதாக இருந்தது. அதன் சுமையை மட்டும் ஓய்வின்றிக் கருத்தரித்த மனைவியரே தாங்கினர்.

பிரான்சில் 18-ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கம் உயர்குடியைக் கடந்து கைவினைஞர் இல்லங்களிலும் பரவியது. பாரிஸில் ஆண்டுதோறும் பிறந்த ஏறத்தாழ 21,000 குழந்தைகளுள் சுமார் ஆயிரம் குழந்தைகளே சொந்தத் தாயிடம் பால் குடித்ததாகவும், பெரும்பாலானவை தொலைவிலுள்ள சிற்றூர்களுக்கு அனுப்பப்பட்டதாகவும் அந்நகரக் காவல்துறைத் தலைவர் லெனுவார் 1780-இல் குறிப்பிட்டார். செவிலியரைத் தேடித் தரவும், அவர்களுக்குக் கூலி சேர்வதை உறுதிசெய்யவும் 1769-இல் பாரிஸில் பொது அலுவலகமே அமைக்கப்பட்டது. லியோன் நகரத்துப் பட்டு நெசவாளரின் மனைவியர் கணவரோடு தறியில் நாள்முழுதும் உழைக்க வேண்டியிருந்ததால் பிறந்த குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ள இயலவில்லை. கசாப்புக் கடைக்காரரின் மனைவியருக்கும் கடைவேலையால் இதே நிலைதான். இவ்விரு தொழிற் குடும்பங்களிலும் ஏறத்தாழ ஆண்டுதோறும் பிள்ளைப்பேறு நிகழ்ந்ததை அந்நகரின் வரலாற்றை எழுதிய மோரிஸ் கார்தன் கண்டறிந்தார். நகரத்துத் தாய் மீண்டும் மீண்டும் கருவுற, அவள் குழந்தைக்குப் பாலூட்டிய சிற்றூர்ப் பெண்ணுக்கோ அடுத்த கருவுறுதல் தள்ளிப்போயிற்று. பாலோடு சேர்த்து, கருவுறுதலைத் தடுக்கும் அதன் காப்பும் கூலிக்கு இடம் மாறியது என்றே சொல்லலாம். அனுப்பப்பட்ட குழந்தைகளுள் மிகப் பலர் பிழைக்கவில்லை. அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்த இத்தகைய இறப்புகளே 1874-இல் மருத்துவரும் அரசியல்வாதியுமான தியோஃபில் ரூசெல் முன்னின்று கொணர்ந்த சட்டத்துக்குக் காரணமாயின. கூலிக்கு வளர்க்கப்படும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் யாவரும் அதன்வழி அரசுக் கண்காணிப்பின்கீழ் வந்தனர்.

செவிலியும் இல்லாமல், தாய்ப்பாலும் இல்லாமல் குழந்தைகளை வளர்த்த பகுதிகளும் இருந்தன. தென் ஜெர்மனியின் பவேரியாவில் 19-ஆம் நூற்றாண்டில் பல ஊர்களில் தாய்மார் பாலூட்டாமல், மாவைப் பாலிலோ நீரிலோ காய்ச்சிய கூழையே பிறந்த நாள் முதல் கொடுத்துவந்தனர். அவ்வூர்கள் சிலவற்றில் பிறந்தவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். ஜெர்மனியின் 14 ஊர்களது குடும்பப் பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்த மக்கள்தொகை அறிஞர் ஜான் நோடெல் இங்கே முக்கியமான ஒரு சான்றைக் கண்டார். பாலூட்டும் வழக்கம் வேரூன்றியிருந்த வடபகுதி ஊர்களில், கைக்குழந்தை இறந்துவிட்டால் தாய் விரைவில் கருவுற்றாள், குழந்தை பிழைத்திருந்தால் நெடுநாள் கழித்தே கருவுற்றாள். பவேரிய ஊர்களிலோ குழந்தை பிழைத்தாலும் இறந்தாலும் அடுத்த பிள்ளைக்கான இடைவெளியில் பெரிய வேறுபாடு இல்லை. குழந்தையின் இறப்பு பாலூட்டலை நிறுத்துவதன் வாயிலாகவே அடுத்த கருவுறுதலை விரைவுபடுத்துகிறது என்பதும், பாலூட்டலே இல்லாத இடத்தில் நிறுத்துவதற்கு ஒன்றுமில்லை என்பதும் இதனால் விளங்கின. இந்தியாவிலும் 1950-களில் பஞ்சாபின் கன்னா பகுதிச் சிற்றூர்களில் நடந்த புகழ்பெற்ற ஆய்வு, நெடுநாள் பாலூட்டும் தாய்மாருக்கு மாதவிடாய் திரும்புவது பல மாதங்கள் தள்ளிப்போவதைப் பதிவு செய்தது.

இத்தகைய சான்றுகளை ஒரு கணக்குக்குள் கொண்டுவந்தவர் மக்கள்தொகை அறிஞர் ஜான் பொங்கார்ட்ஸ். ஒரு நாட்டின் பிறப்பு விகிதத்தைத் திருமணம், கருத்தடை, கருக்கலைப்பு, மகப்பேற்றுக்குப் பிந்திய கருவுறாக் காலம் ஆகிய நான்குமே பெரிதும் தீர்மானிக்கின்றன என்று 1978-இல் அவர் நிறுவினார். பாலூட்டாத தாய்க்கு இக்கருவுறாக் காலம் ஏறத்தாழ ஒன்றரை மாதமே. நெடுநாள் பாலூட்டுவதால் அது 18 மாதங்களுக்கு நீளுமானால், வேறெந்தக் கருத்தடையும் இல்லாமலே மணவாழ்வில் பிறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது அவர் கணக்கின் முடிவு.

ஆனால் எவ்வளவு காலம் பாலூட்டினர் என்பது மட்டுமே இதை விளக்கப் போதுமானதன்று. வட அமெரிக்காவில் கூட்டுப் பண்ணைகளில் வாழும் ஹட்டரைட் சமயத்தவர் கருத்தடையை ஏற்காதவர்கள். அவர்களின் தாய்மார் குழந்தைக்குப் பாலூட்டியபோதிலும், குறித்த வேளைகளில் மட்டும் ஊட்டி, சில மாதங்களிலேயே பிற உணவையும் தொடங்கினர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்பெண்கள் சராசரியாகப் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் பெற்றனர். இதற்கு மறுகோடியில் நின்றவர்கள், ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலை நிலத்தில் வேட்டையாடியும் கிழங்கும் கொட்டையும் திரட்டியும் வாழ்ந்த குங் மக்கள். கருத்தடைப் பொருள் எதையும் பயன்படுத்தாத அப்பெண்களுக்குப் பிள்ளைப்பேற்று இடைவெளி ஏறத்தாழ 44 மாதங்கள் என்றும், ஒருத்தி தன் வாழ்நாளில் பெற்ற பிள்ளைகள் சராசரியாக ஐந்துக்கும் குறைவு என்றும் மக்கள்தொகை அறிஞர் நான்சி ஹவல் கணித்தார். இதன் காரணத்தை மானிடவியல் அறிஞர்கள் மெல்வின் கானர், கரோல் வொர்த்மன் ஆகியோர் 1980-இல் வெளியிட்டனர்: குங் தாய் குழந்தையை இடுப்பில் சுமந்தே உணவு தேடச் சென்றாள், குழந்தை மணிக்கு ஏறத்தாழ நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடம் பால் குடித்தது, இரவிலும் தாயின் அருகிலேயே உறங்கிக் குடித்தது, மூன்று வயதுக்கு மேலும் பால்குடி மறக்கவில்லை.

அடிக்கடி பாலூட்டுவதே அடிப்படை என்பதற்கான உடலியல் விளக்கமும் அக்காலத்தில் தெளிவாயிற்று. குழந்தை மார்பைச் சப்பும்போது எழும் நரம்புத் தூண்டல் மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதியை அடைந்து, கருப்பையின் இருபுறமும் அமைந்த சூலகங்களை இயக்கும் ஹார்மோன்களின் சீரான துடிப்பைக் குலைக்கிறது. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டினும் அதே தூண்டலால் உயர்கிறது. துடிப்பு குலைவதால் முட்டை முதிர்ந்து வெளிப்படுவது நின்றுவிடுகிறது. தூண்டல் இடைவிட்டுப் போனால் துடிப்பு மீண்டும் சீராகிவிடும். ஊட்டக்குறைவுதான் கருவுறுதலைத் தடுக்கிறது என்ற கருத்தும் அப்போது வலுவாக இருந்தது. ஆனால் நல்லுணவு உண்ட எடின்பரோ நகரத் தாய்மாரை ஆராய்ந்த பீட்டர் ஹோவி, ஆலன் மெக்நீலி குழுவினர், குழந்தைக்குப் பிற உணவு தொடங்கி, பாலூட்டும் முறைகள் குறைந்த பிறகே சூலகங்கள் மீண்டும் செயற்படத் தொடங்கியதை 1981-இல் காட்டினர்.

1988 ஆகஸ்டில் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய அறிஞர்கள் இவ்வளவு சான்றையும் ஒரு நடைமுறை விதியாகச் சுருக்கினர். குழந்தைக்கு ஆறு மாதம் நிறையவில்லை, தாய்க்கு மாதவிடாய் திரும்பவில்லை, குழந்தை முழுமையாகவோ ஏறத்தாழ முழுமையாகவோ தாய்ப்பாலையே குடிக்கிறது என்னும் மூன்றும் ஒருங்கே பொருந்தினால், கருவுறுதலுக்கு எதிராக 98 விழுக்காட்டுக்கு மேல் காப்பு உண்டு என்பதே அவ்விதி. பாலூட்டற்கால மாதவிடாயின்மை முறை என்று பெயர் பெற்ற இதனைச் சிலியின் சாந்தியாகோ நகரில் பின்பற்றிய தாய்மாரிடையே, ஆறு மாதத்தில் கருவுற்றோர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு என்று 1992-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. புது தில்லி உட்பட ஏழு நாடுகளின் நகரங்களில் உலகச் சுகாதார நிறுவனம் நடத்தி 1999-இல் வெளியிட்ட பெரிய ஆய்வும் இவ்விதியை உறுதிசெய்தது. மூன்று நிபந்தனைகளுள் ஒன்று தவறினாலும் இம்முறையை நம்புதல் கூடாது. மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே முட்டை வெளிப்பட்டுக் கருத்தரிப்பதும் உண்டாகையால், ஆறு மாதம் நெருங்கும்போதே வேறொரு கருத்தடை முறையைத் தாய் மருத்துவரிடம் கேட்டறிந்து மேற்கொள்ள வேண்டும்.

லியோனின் தறியும் கலஹாரியின் உணவுத் தேடலும் உழைப்புதான். ஒன்று குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்தது, மற்றொன்று பிரிக்கவில்லை. இத்தகைய பிரிவைத் தவிர்க்க உதவும் வகையில், இந்தியாவில் 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பை வழங்கியது. அது ஆறு மாதப் பாலூட்டலோடு ஏறத்தாழ ஒத்துப்போகும் கால அளவு. ஆனால் வயலிலும் கட்டட வேலையிலும் வீட்டு வேலையிலும் கூலிக்கு உழைக்கும் பெரும்பாலான தாய்மாருக்கு அச்சட்டம் எட்டவில்லை. பால் குடிக்கும் குழந்தையோடு தாய் இருக்க விடுப்பும், வேலையிடத்தருகே குழந்தைக் காப்பகமும், இடையிடையே பாலூட்ட நேரமும் இல்லாதபோது, பாலூட்டுமாறு அவளுக்கு அறிவுரை கூறுவதால் பயன் விளையாது. இயற்கை தந்த இக்காப்பு தாய்க்கும் பிள்ளைக்கும் முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால், அவ்வசதிகளை ஒவ்வொரு உழைக்கும் பெண்ணுக்கும் உரிமையாக்குவது அரசின் கடமை; அதைக் கேட்டுப் பெறுவது சமூகத்தின் கடமை.