கண்ணாடிச் சுவரும் கழுத்துக் கேமராவும்

(டிஸ்கி: மூணு நாவலோட கதை இதுல வெளியே வந்துடும். படிக்காதவங்க உஷார்!)

போன வாரம் ஊரிலிருந்து அம்மா போன். எடுத்ததும் முதல் கேள்வி: "ஏன்டா, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூங்கலையா?" தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் புரிந்தது, வாட்ஸப்பில் நான் கடைசியாக வந்த நேரத்தைப் பார்த்திருக்கிறார். அம்மாவுக்கு அது வேவு இல்லை, அக்கறை. ஆனாலும் அன்றைக்கு முழுக்க ஆபீஸில் ஆணி பிடுங்கும்போது ஓர் உறுத்தல். ஏனென்றால் அன்றைய ஆணியே அதுதான்: செயலியைத் திறந்தவர் எந்தப் பக்கத்தில் எத்தனை விநாடி நின்றார் என்று பதிவு செய்யும் நிரல்.

இதையெல்லாம் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே யோசித்தவர் ஒருத்தர் உண்டு. அவரும் நம்மாளுதான், அதாவது இஞ்சினியர் :-)

யெவ்கேனி ஸமியாத்தின், ரஷ்யர். கப்பல் கட்டும் பொறியாளர். முதல் உலகப் போர் சமயத்தில் இங்கிலாந்துக்குப் போய், ரஷ்யாவுக்காகப் பனி உடைக்கும் கப்பல்கள் கட்டுவதை மேற்பார்வை பார்த்தவர். 1920-21இல் 'நாம்' என்ற நாவலை எழுதினார். அதில் வீடுகள் எல்லாம் கண்ணாடி. மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். திரையை இறக்கிக்கொள்ளச் சீட்டு வேண்டும், அதுவும் துணையோடு இருக்க ஒதுக்கிய நேரத்துக்கு மட்டும். கதாநாயகன் டி-503, விண்கலம் கட்டும் இஞ்சினியர். கண்ணாடிச் சுவர் பற்றி அவனுக்குப் புகாரே கிடையாது. மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் நாங்கள் என்று பெருமை வேறு. (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குல்ல?)

நாவல் 1924இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக நியூயார்க்கில் வந்தது. எழுதிய நாட்டில் அச்சாக 1988 ஆனது. ஸமியாத்தின் 1931இல் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதி, அனுமதி வாங்கி வெளியேறினார். 1937இல் பாரிஸில் இறந்தார்.

இந்த நாவலுக்கு 1946இல் ஒரு விமர்சனம் வந்தது. எழுதியவர் நம்ம பீகார் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல். மூன்றே வருஷத்தில், 1949இல், அவருடைய '1984' வெளியானது. ஸமியாத்தின் உலகில் பக்கத்து வீட்டுக்காரனும் உன்னைப் பார்ப்பான், நீயும் அவனைப் பார்ப்பாய். ஆர்வெல்லின் டெலிஸ்கிரீனில் பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். எப்போது பார்க்கிறான் என்றும் தெரியாது, அதனால் எப்போதும் பார்க்கிறான் என்றே நடந்துகொள்ள வேண்டும். காவலாளியைக் கைதி பார்க்கவே முடியாத சிறை என்று ஜெரமி பெந்தம் 1787இல் போட்ட திட்டமும் இதேதான். அவர் அதை எழுதியது ரஷ்யாவில், தம்பி வேலை பார்த்த இடத்தில் உட்கார்ந்து. சுத்திச் சுத்தி அங்கேயே வருது பாருங்க!

இரண்டு நாவலிலும் கலகம் நாட்குறிப்பில்தான் பிடிபடுகிறது. டி-503 அரசைப் புகழ எழுத ஆரம்பித்து, அவனை அறியாமலே ரகசியங்களைக் கொட்டிவிடுகிறான். வின்ஸ்டன் டெலிஸ்கிரீன் எட்டாத ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதுகிறான். யாராவது தொட்டால் தெரியட்டும் என்று அட்டையில் ஒரு தூசியை வைக்கிறான். போலீஸ் நோட்டைப் படித்துவிட்டு, அந்தத் தூசியையும் அதே இடத்தில் வைத்துவிட்டுப் போகிறது.

கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆர்வெல்லையே பிரிட்டிஷ் போலீஸ் கண்காணித்த கோப்பு 2007இல் வெளியானது. கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசியில் 1989இல் முழுநேர ஊழியர்கள் மட்டும் சுமார் 91,000 பேர், ரகசியத் தகவல் சொல்பவர்கள் சுமார் 1,89,000. நாட்டின் மக்கள் தொகையோ 1.6 கோடிதான். 1992இல் கோப்புகளைப் பிரித்துப் பார்க்க அனுமதித்தபோது, தன்னைப் பற்றி எழுதிக்கொடுத்தது தன் நண்பன்தான், கணவன்தான் என்று தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

2013இல் டேவ் எக்கர்ஸின் 'தி சர்க்கிள்'. இங்கே அடக்குமுறை அரசு கிடையாது. நல்ல சம்பளம், இலவசச் சாப்பாடு, எல்லோரும் ஆசைப்படும் கம்பெனி. நாயகி மே, ராத்திரியில் தனியாகப் படகு ஓட்டுகிறாள். கேமராவில் மாட்டுகிறாள். தண்டனையே இல்லை. மேடையேறி, மறைத்தது தப்பு என்று தானே சொல்லிவிட்டு, கழுத்தில் கேமரா மாட்டிக்கொள்கிறாள். அப்புறம் அவளுக்கு ஒளிந்துகொள்ள மூலையும் இல்லை, நாட்குறிப்பும் இல்லை. பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். கடைசியாக வந்த நேரத்தை மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பார்ப்பது யார் என்று எனக்குத் தெரியும். திருப்பிக் கேட்கலாம், சண்டை போடலாம். ஆனால் நான் எழுதிய நிரல் பார்க்கிறது என்பது பார்க்கப்படுபவருக்குத் தெரியாதே?

அடுத்த மீட்டிங்கில் கேட்டேன்: "இந்த விநாடிக் கணக்கு எதுக்கு? எத்தனை நாள் வச்சிருப்போம்?" ஒருத்தரிடமும் பதில் இல்லை. "இருக்கட்டுமே, என்னைக்காவது உதவும்" என்றார்கள். முப்பது நாளில் அழித்துவிடலாம் என்று ஒரு மெயில் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

டி-503 கடைசி வரை கேட்காத கேள்வி அது. விண்கலம் எவ்வளவு துல்லியமாகப் பறக்கும் என்றுதான் அவன் கணக்குப் போட்டான். நானும் மூணு வருஷமா அப்படித்தான் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.