கறுப்பினக் கதைசொல்லிகள் தேசியச் சங்கம்

கறுப்பினக் கதைசொல்லிகள் தேசியச் சங்கம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் இயங்கும் ஓர் இலாப நோக்கற்ற பண்பாட்டு அமைப்பாகும். ஆப்பிரிக்க அமெரிக்கரின் வாய்மொழிக் கதை மரபைப் பேணுவதும், அதனை அடுத்த தலைமுறையிடம் கையளிப்பதும் இதன் முதன்மை நோக்கங்கள். மேரி கார்ட்டர் ஸ்மித், லிண்டா கோஸ் ஆகிய இரு பெண் கதைசொல்லிகள் 1982ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். தன்னார்வலர்களின் உழைப்பையும் தலைமையையும் பெரிதும் நம்பி வளர்ந்த அமைப்பு இது.

பின்னணி

மேற்கு ஆப்பிரிக்காவில் மன்னர் வரலாறு, குல வரலாறு, போர்க் கதைகள் ஆகியவற்றை மனப்பாடமாகக் காத்து, இசையுடன் எடுத்துரைத்த பரம்பரைக் கலைஞர் கிரியோ எனப்பட்டனர். மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாட்டாவின் காப்பியம் இவர்கள் வழியாகவே பல நூற்றாண்டுகள் நிலைத்தது.

அடிமை வணிகத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களிடம் உடைமை எதுவும் இல்லை. தென் கரோலினாவில் 1740ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தடை செய்தது. பின்னர் வேறு பல தென் மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றின. ஆகவே நினைவும் பேச்சுமே அவர்களுடைய ஏடுகளாயின. கானா நாட்டு அகான் மக்களின் சிலந்தி நாயகன் அனான்சி, வலியோரைத் தந்திரத்தால் வெல்லும் முயல் போன்ற பாத்திரங்கள் இவ்வாறே கடல் கடந்து வாழ்ந்தன.

இக்கதைகள் அச்சில் ஏறியபோது அவற்றால் பெயர் பெற்றவர் பெரும்பாலும் கதைக்கு உரியவர் அல்லர். முயல் கதைகளைப் புகழ்பெறச் செய்த 1880ஆம் ஆண்டு நூல், ஜோயெல் சாண்ட்லர் ஹாரிஸ் என்னும் வெள்ளையினப் பத்திரிகையாளரின் பெயரில் வெளிவந்தது. தன் சொந்த ஊர் மக்களிடமே சென்று கதைகளைத் திரட்டிய கறுப்பின எழுத்தாளரும் மானிடவியலாளருமான சோரா நீல் ஹேர்ஸ்டனின் தொகுப்பு 1935இல் வெளிவந்தது.

தோற்றம்

டென்னசி மாநிலத்தின் ஜோன்ஸ்பரோ நகரில் 1973இல் தேசியக் கதைசொல்லல் விழா தொடங்கப்பட்டது. அதன்பின் கதைசொல்லல் ஒரு மேடைக் கலையாக நாடெங்கும் புத்துயிர் பெற்றது. எனினும் இத்தகைய விழா மேடைகளில் கறுப்பினக் கதைசொல்லிகள் மிகச் சிலராகவே இருந்தனர். இக்குறையை உணர்ந்த ஸ்மித்தும் கோஸும், அழைப்புக்காகக் காத்திராமல் தமக்கென ஒரு விழாவை நடத்த முடிவு செய்தனர். முதல் விழா 1983இல் பால்ட்டிமோர் நகரின் மோர்கன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது.

நிறுவனர்கள்

மேரி கார்ட்டர் ஸ்மித் (1919–2007) அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். பால்ட்டிமோர் நகரப் பள்ளிகளில் ஆசிரியராகவும் நூலகராகவும் 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றினார். சின்ட்ரெல்லா கதையைப் பால்ட்டிமோர் நகரத்துக் கறுப்பினச் சிறுமி ஒருத்தியின் கதையாக மாற்றி இவர் சொன்ன 'சிண்டி எல்லி' பெரும் புகழ் பெற்றது. மோர்கன் மாநிலப் பல்கலைக்கழக வானொலியிலும் கதை நிகழ்ச்சி நடத்தினார். மேரிலாந்து மாநிலத்தின் அதிகாரபூர்வ கிரியோ என்னும் சிறப்பு இவருக்கு வழங்கப்பட்டது.

லிண்டா கோஸ் 1947இல் டென்னசி மாநிலத்தின் அல்கோவா என்னும் ஊரில் பிறந்தார். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்று, பின்னர் பிலடெல்பியாவைத் தம் பணிக்களமாகக் கொண்டார். மணிகளை ஒலித்துக் கேட்போரை அழைத்துக் கதையைத் தொடங்குவது இவரது வழக்கம். மரியன் பார்ன்ஸுடன் இணைந்து இவர் பதிப்பித்த ஆப்பிரிக்க அமெரிக்கக் கதைசொல்லல் தொகுப்பு 1989இல் வெளியானது. அமெரிக்கத் தேசியக் கலை அறக்கொடை இவருக்கு 2019இல் தேசிய மரபுரிமைச் சிறப்புநிலையை வழங்கியது.

தலைமையும் நிருவாகமும்

சங்கம் அமெரிக்க வரிச் சட்டத்தின் 501(இ)(3) பிரிவின் கீழ் வரிவிலக்குப் பெற்றது. இப்பிரிவில் அடங்கும் அமைப்புகள் உபரி வருவாயை உறுப்பினரிடையே பங்கிட முடியாது. இவற்றுக்குத் தரப்படும் நன்கொடைக்கு, உரிய வரம்புகளுக்கு உட்பட்டு, கொடுப்பவர் வரிக்கழிவு கோரலாம். அமைப்பின் பணம், திட்டங்கள், சட்டப் பொறுப்புகள் ஆகியவற்றுக்கு இயக்குநர் குழுவே இறுதியில் பதில் சொல்ல வேண்டும். இத்தகைய குழுக்களில் பணியாற்றுவோர் பொதுவாக ஊதியம் பெறுவதில்லை.

எனவே கதைசொல்லிகளே நிருவாகிகளாகவும் செயற்படும் நிலை ஏற்படுகிறது. மண்டபம் தேடுதல், நல்கை விண்ணப்பம் எழுதுதல், உறுப்பினர் பட்டியலைப் பேணுதல், பள்ளிகளுடன் நாள் குறித்தல் முதலியவை மேடைக்குப் பின்னால் நிகழும் பணிகள். கதைக் கலையில் தேர்ந்த ஒருவர் கணக்கு வழக்கிலும் தேர்ந்திருப்பார் என்று சொல்ல முடியாது. இவ்விரு திறன்களையும் ஒரே குழுவுக்குள் திரட்டுவது தன்னார்வத் தலைமையின் முதல் கடமையாகும்.

சட்டம் அளிக்கும் பதவிகளுக்கு அப்பால் மூத்தோருக்குத் தனி மதிப்பு உண்டு. மூத்த பெண்கள் 'மாமா' என்றும் மூத்த ஆண்கள் 'பாபா' என்றும் அழைக்கப்படுகின்றனர். தமிழில் தாயின் உடன்பிறந்தானைக் குறிக்கும் 'மாமா' என்னும் ஒலி, சுவாகிலி மொழியில் தாயைக் குறிக்கும்; 'பாபா' தந்தையைக் குறிக்கும். கூட்டத்தை ஒருமுகப்படுத்த 'அகோ' என்று ஒருவர் அழைக்க, மற்றோர் 'அமே' என்று விடையளிப்பர். அகான் மொழியில் முன்னது உள்ளே வர அனுமதி கேட்பது. பின்னது அனுமதி தருவது.

கிளை அமைப்புகள்

பல நகரங்களில் சங்கத்துடன் இணைந்த உள்ளூர் அமைப்புகள் உள்ளன. அவற்றுள் சில:

- மேரிலாந்து கிரியோக்கள் வட்டம்
- பண்பாட்டுக் காவலர்கள், பிலடெல்பியா
- கிளீவ்லாந்து கறுப்பினக் கதைசொல்லிகள் சங்கம்

மாதந்தோறும் மக்களிடம் சென்று சேர்வது தேசியக் குழுவை விட இத்தகைய உள்ளூர் அமைப்புகளுக்கே எளிது. புதிய கதைசொல்லி ஒருவர் முதன்முதலில் நிற்கும் மேடையும் பெரும்பாலும் உள்ளூர் மேடையே.

விழாவும் பிற செயற்பாடுகளும்

'மரபின் வழியில்' என்னும் பொருள்படும் பெயர் கொண்ட தேசிய விழாவும் மாநாடும் சங்கத்தின் முதன்மை நிகழ்வாகும். இது ஒரே ஊரில் நிலைத்திராமல் வெவ்வேறு நகரங்களில் நடத்தப்படுகிறது. இதனால் பயணச் சுமை ஒரே பகுதியினர் மீது விழுவதில்லை. அதேவேளை ஒவ்வொரு முறையும் புதிய ஊரில் புதிய தன்னார்வலர் அணியைத் திரட்ட வேண்டியுள்ளது.

விழாவை ஒட்டி 'கதைசொல்லியைத் தத்தெடுத்தல்' என்னும் திட்டம் நடத்தப்படுகிறது. இதன்படி விழாவுக்கு வந்த கதைசொல்லிகள் அந்நகரின் பள்ளிகள் முதலிய இடங்களுக்குச் சென்று கதை சொல்கின்றனர். நுழைவுச்சீட்டு வாங்கி மண்டபத்துக்கு வர இயலாதவர்களையும் மரபு சென்றடைய இது வழி செய்கிறது. சங்கம் வழங்கும் உயர்ந்த விருதுக்குச் சோரா நீல் ஹேர்ஸ்டனின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அப்பலாச்சிய மலைப் பகுதியைச் சேர்ந்த கறுப்பினக் கதைசொல்லிகளுக்கான உதவித்தொகைத் திட்டம் ஒன்றையும் சங்கம் நடத்தியுள்ளது.

தலைமுறை மாற்றம்

வாய்மொழி மரபைக் காக்கும் அமைப்புக்கு ஆட்களின் இழப்பு இரட்டை இழப்பாகும். ஒருவர் மறையும்போது அவர் வகித்த பொறுப்பும், அவர் மட்டுமே அறிந்திருந்த கதைகளும் ஒருசேர மறையக்கூடும். கதையை ஒலிப்பதிவு செய்யலாம். ஆனால் கேட்போர் முகம் பார்த்து எங்கே நிறுத்துவது, எங்கே பாடுவது என்பதை அருகிலிருந்தே கற்க வேண்டும். நிருவாகமும் அத்தகையதே. எந்தப் பள்ளியில் யாரை அணுகுவது, எந்தக் கொடையாளர் எப்போது உதவுவார் என்பன போன்ற செய்திகள் எழுதி வைக்கப்படாவிட்டால் ஒருவரோடு போய்விடும். நிறுவனர் இருவரில் ஒருவரான ஸ்மித் 2007இல் காலமான பின்னரும் சங்கம் தொடர்ந்து இயங்கியது. பொறுப்புகள் நிறுவனர்களுடன் நின்றுவிடாமல் அடுத்தடுத்த தலைவர்களிடம் கைமாறியதே இதற்குக் காரணம் எனலாம்.

ஸ்மித் மேடையில் பசுவின் வாலால் ஆன ஒரு விசிறியை ஏந்துவது வழக்கம். மேற்கு ஆப்பிரிக்காவில் இது மதிப்புக்குரிய பொருள். இதைப் பற்றி லைபீரியாவில் ஒரு கதை உண்டு. காட்டுக்குச் சென்ற வேட்டைக்காரன் திரும்பவில்லை. பிள்ளைகள் அவனை மறந்தனர். அவன் சென்ற பின் பிறந்த கடைசிக் குழந்தை பேசத் தொடங்கியதும் தந்தை எங்கே என்று கேட்டது. அண்ணன்மார் காட்டுக்குச் சென்று, எலும்பு, தசை, குருதி, மூச்சு என ஒவ்வொருவரும் ஒன்றைத் தந்து அவனுக்கு உயிரூட்டினர். திரும்பி வந்த வேட்டைக்காரன் தன் விசிறியை அவர்களுள் எவருக்கும் தராமல், தன்னைப் பற்றிக் கேட்ட கடைக்குட்டிக்கே தந்தான்.

இவற்றையும் பார்க்கவும்

- கிரியோ
- அனான்சி
- சோரா நீல் ஹேர்ஸ்டன்
- வாய்மொழி இலக்கியம்