ஓமக்குளத்துச் சோறு

எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தமிழ் சேர்ந்திருக்கிறான். கிளம்புகிற அன்று, "அண்ணே, நீங்க படிச்ச எடந்தான, அங்க பாக்கறதுக்கு என்னா இருக்கு, சாப்பாடு எங்க நல்லாருக்கும்?" என்று கேட்டான். கோயிலப் பாரு, பிச்சாவரம் போ, கொத்சு சாப்பிடு என்று எல்லாரும் சொல்வதையே சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன். பஸ் போன பிறகுதான் உறைத்தது. அந்த ஊரை நானும் அவர்கள் கண்ணாலேயே காட்டியிருக்கிறேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

சிதம்பரம் ரயிலடிக்கு மேற்கே ஊர், கிழக்கே பல்கலைக்கழகம். 1920இல் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய மீனாட்சி கல்லூரி 1929இல் பல்கலைக்கழகம் ஆனது. 2013இல் தனிச்சட்டம் போட்டு அரசு எடுத்துக்கொண்டது. விபுலானந்தரும் சோமசுந்தர பாரதியாரும் தமிழ்ப் பேராசிரியராக இருந்த இடம் என்று முதல் வகுப்பிலேயே சொன்னார்கள். எனக்கும் புல்லரிக்கத்தான் செய்தது. தமிழ் படிக்கப் போன சேரிப் பிள்ளைக்கு அது சும்மாவா?

அங்கேதான் பெரியபுராணம் நடந்தது. திருநாளைப்போவார் ஆதனூர்ப் புலைப்பாடிக்காரர். சிவன் கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும் கொடுத்தார், யாழுக்கு நரம்பு கொடுத்தார், பூசைக்குக் கோரோசனை கொடுத்தார். சேக்கிழார் இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்கிறார். செத்த மாட்டின் தோல் கோயிலுக்குள் போனது, உரித்துக் கொடுத்தவன் வாசலில் நின்றான். தில்லைக்கு வந்தபோது மதிலை வெளியே சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் தெற்கு வாசலுக்கு முன்னால் தீ மூட்டி, அதில் இறக்கி, பூணூலோடு வேறு உருவமாக வெளியே வரவைத்துத்தான் உள்ளே விட்டார்கள். உள்ளே போனவன் திரும்பவில்லை. வகுப்பில் இது பக்தியின் உச்சம் என்று முடிந்தது. கோபாலகிருஷ்ண பாரதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகுத்திய பண்ணைக்கார வேதியர் சேக்கிழாரிடம் கிடையாது என்றும் சொன்னார்கள். அது தேர்வுக்கு உதவியது. அந்தத் தீ மூண்ட இடம் என்று எங்கள் சனம் காட்டுகிற ஓமக்குளம் இதே சிதம்பரத்தில் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

சொன்னது என் தாத்தா. முதல் லீவுக்கு ஊருக்குப் போனபோது, "சாமி மடத்துக்குப் போனியாடா?" என்றார். நான் நடராசர் கோயிலைத்தான் கேட்கிறார் என்று நினைத்துப் போனேன் என்றேன். "அதில்லடா, நம்ம சாமி. ஓமக்குளத்துச் சாமி."

நம்ம சாமி என்று அவர் சொன்னது சுவாமி சகஜானந்தரை. 1890இல் ஆரணிப் பக்கத்து மேல்புதுப்பாக்கத்தில் பிறந்த முனுசாமி. துறவியாகி 1910இல் சிதம்பரம் வந்தார். 1916இல் நந்தனார் கல்விக் கழகம் தொடங்கினார். பள்ளிக்கூடம் வந்தது, விடுதி வந்தது. பல ஆண்டுகள் சட்டமன்றத்திலும் இருந்தார். 1959 மே முதல் தேதி இறந்தார். ஊரெல்லாம் நந்தன் எரிந்ததைக் கதையாகக் கேட்டு உருகிக்கொண்டிருந்தபோது, அதே நந்தன் பேரை வைத்து இந்த மனிதர் பிள்ளைகளுக்கு எழுத்தும் சோறும் கொடுத்தார். அவர் சைவத்துக்குள்ளேயே நின்று பேசியவர். அதில் நம்மில் பலருக்குக் கேள்வி உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் என் தாத்தா அங்கே ஐந்தாவது வரை படித்தார். "வரிசையா ஒக்காரவச்சுப் போடுவாங்க. யாரும் தள்ளி ஒக்காருன்னு சொன்னதில்ல" என்று எழுபது வருசம் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தார். ருசி எப்படி இருந்தது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சிதம்பரத்தில் எங்கள் குடும்பம் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் இடம் அது.

நான் சாப்பிட்ட இடத்தையும் சொல்ல வேண்டும். விடுதியில் இடம் கிடைக்காமல் வெளியே அறை எடுத்திருந்தேன். பக்கத்தில் ஒரு வீட்டு மெஸ்ஸில் மாதக் கணக்கு. நல்ல சாப்பாடு, குறை சொல்லக் கூடாது. ஒரு மாதம் பணம் தட்டியது. ஸ்காலர்ஷிப் வந்ததும் தந்துடுறேங்க்கா என்று வாய்விட்டுவிட்டேன். மறுநாள் எல்லாருக்கும் எவர்சில்வர் தட்டு, எனக்கு மட்டும் மந்தாரை இலை. "தட்டு கழுவ ஆளில்ல தம்பி" என்றார் அந்த அக்கா. பக்கத்தில் இருந்தவன் தட்டில் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். பேசாமல் தின்றுவிட்டு எழுந்தேன். உணவு விடுதியில் பொதுவுக்கு வைத்திருக்கும் பாத்திரத்தைத் தீண்டாமை காரணமாக மறுப்பது குற்றம் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அன்று எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் புகார் கொடுத்திருப்பேனா? பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. கொடுத்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதே சிதம்பரம் வட்டாரத்தில் காட்டுமன்னார்கோயில் பக்கம் 1924இல் பிறந்தவர் எல். இளையபெருமாள். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையை அவர் உடைத்தார், திரும்ப வைக்க வைக்க உடைத்தார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். பின்னால் எம்.பி. ஆனார். 1965இல் தீண்டாமை பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராகி, நாடு பூராவும் சுற்றி 1969இல் அறிக்கை கொடுத்தார். பானை உடைத்த கை எழுதிய அறிக்கை. நான் இலையை மடித்துப் போட்டுவிட்டு வந்த கதையை அவர் பேருக்குப் பக்கத்தில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கோயிலைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகணும். கோபுரத்தில் கரணச் சிற்பங்கள் அழகானவை, செதுக்கியவன் பெரிய கலைஞன். கிழக்கு வாசலில் நுழைந்து பொன்கூரையைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், தெற்குப் பக்கமும் போய் நிற்க வேண்டும். நந்தன் நுழைந்த வழியைச் சுவர் வைத்து அடைத்தார்கள் என்று சொல்லி, அதை இடிக்கக் கோரி 2010இல் தீண்டாமை ஒழிப்பு முன்னணி போராடியது. 1947இலேயே கோயில் நுழைவுச் சட்டம் வந்துவிட்டதே, இன்னும் சுவருக்கு எதுக்குச் சண்டை என்று கேட்ட நண்பர்கள் எனக்கு உண்டு.

கோயில் பிரசாதம் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும். ஓட்டலில் இட்லிக்கும் ஊற்றுவார்கள். சுட்ட கத்தரிக்காயும் புளியும் சேர்ந்த அந்த ருசிக்கு நான் இன்றைக்கும் அடிமை. மாட்டுக்கறி வேண்டுமென்றால் நாங்கள் பரங்கிப்பேட்டைக்குப் பஸ் ஏறுவோம். பாய் கடையில் யாரும் ஊரைக் கேட்டதில்லை. பிச்சாவரத்தில் படகு ஏறுகிறவர்கள் 1975இல் எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' எடுத்த இடத்தைக் காட்டச் சொல்கிறார்கள். அதே தண்ணீரில் கழுத்தளவு நின்று, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்களை யாரும் காட்டச் சொல்வதில்லை. தட்டில் வருகிற இறால் அந்தக் கையில் ஏறியதாகவும் இருக்கும்.

நேற்று தம்பிக்குப் போன் போட்டேன்.

"மெஸ்ஸுல சேந்துட்டியாடா?"

"சேந்துட்டேண்ணே. நல்லாருக்கு."

"தட்டா, எலையா?"

"தட்டுதாண்ணே. ஏன்?"

வர்ற ஞாயித்துக்கிழமை வர்றேன், ஓமக்குளத்துக்கு நடந்தே போவலாம் என்று சொல்லி வைத்தேன்.