மர்மயோகியும் கள்ளியங்காட்டு நீலியும்

ஆரியங்கோடு, பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களில் வளர்ந்த நம் முந்தைய தலைமுறையினர், திரைப்படம் காணுமுன்பே பேய்க்கதை கேட்டவர்கள். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு மனிதரைப் பிரித்தது, கதைகளைப் பிரிக்கவில்லை.

அக்கதைகளுள் தலையாயது கள்ளியங்காட்டு நீலியின் கதை. நம்பியவனால் வஞ்சிக்கப்பட்டுக் கொலையுண்ட கணிகை ஒருத்தி மறுபிறவி எடுத்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக இடுப்பில் ஏந்திப் பழிதீர்க்கும் வரலாறு அது. கோயில் கொடை நாளில் வில்லடித்து இரவெல்லாம் பாடுவர். பிள்ளைகள் தாயின் மடியில் கிடந்தே கேட்பர். 'வயது வந்தோர்க்கு மட்டும்' என்று அதனை எவரும் ஒதுக்கியதில்லை.

இப்பகுதிக்கு அண்மையில், திருவனந்தபுரத்துப் பூஜப்புரையில் பிறந்தவர் கே. ராம்நாத். ஜூபிடர் நிறுவனத்துக்காக அவர் இயக்கிய 'மர்மயோகி' 1951இல் வெளிவந்தது. தமிழ்ப் படங்களுள் முதன்முதலாக 'ஏ' சான்றிதழ் பெற்ற படம் அதுவே. எம்.ஜி.ஆர். கரிகாலன், அஞ்சலிதேவி ஊர்வசி. 'ஏ' என்றதும் இன்றைய இளைஞர் காதல் காட்சியை எண்ணிக்கொள்வர். காரணம் அஃதன்று. படத்தில் ஆவி ஒன்று உலவுகிறது, அதுவே காரணம். அந்த ஆவியும் மெய்யான ஆவி அன்று! ஊர்வசியின் கொலைச் சூழ்ச்சிக்குத் தப்பிய அரசனே, செருகளத்தூர் சாமாவின் உருவில், அவ்வாறு வந்து அவளை நடுங்கச் செய்கிறான்.

தணிக்கையாளரை நகைத்து ஒதுக்கிவிடுதல் எளிது. நாம் அவ்வாறு செய்யோம். 'யூ', 'ஏ' என்னும் பாகுபாடு 1949ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் வந்தது. மத்தியத் தணிக்கைக் குழு அமைந்ததும் 1951இல்தான். புதிய கோலைக் கையில் எடுத்தவர் கண்ணில் தோன்றுவதை அளந்தனர். இங்கிலாந்திலும் அச்சமூட்டும் படங்களுக்கென்று 'எச்' என்னும் தனி முத்திரை 1930களில் இருந்தது. கே.ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் 1970இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், பிற கலைகளைவிடத் திரைப்படம் உணர்ச்சியை ஆழமாகக் கிளறும் என்றே கூறியது. மடியில் கிடந்து கேட்பது வேறு, இருட்டில் தனித்துப் பார்ப்பது வேறு என்பதை நாமும் மறுப்பதற்கில்லை. வில்லுப்பாட்டில் பாடகர் நிறுத்துவார், வேடிக்கை பேசுவார், பிள்ளை அழுதால் தாய் அணைத்துக்கொள்வாள். திரை யாருக்காகவும் நில்லாது.

ஆயினும் 'மர்மயோகி'யில் பிள்ளை மனத்துக்குக் கனமானது ஆவி அன்று என்பதே எம் துணிபு. ஆவியின் மர்மம் படத்திலேயே அவிழ்ந்துவிடுகிறது. அச்சமும் அதனோடு தீர்கிறது. தன்னை நேசித்தவனையே கொல்லத் துணிந்து அரியணை ஏறும் ஊர்வசியின் செயலோ அவ்வாறு அவிழ்வதில்லை. ஏன் செய்தாள் என்று பிள்ளை கேட்கும். சான்றிதழில் அதற்கு விடை இல்லை. நீலி கதையிலும் பிள்ளைகள் கேட்டது அதே கேள்விதான். அங்கே விடை சொல்லப் பாட்டி பக்கத்தில் இருந்தாள்.

இன்று அயலூர்களில் வாழும் நம் இல்லங்களில் பழைய படங்கள் பொத்தானைத் தட்டியதும் வருகின்றன. 2024ஆம் ஆண்டு விதிகள் 'யூஏ' பிரிவையே 7, 13, 16 என வயதால் பகுத்துள்ளன. அந்த அளவுகோலில் 'மர்மயோகி'க்கு நாம் ஏழையே தருவோம். ஆவி வரும்போது பிள்ளைகள் அலறட்டும். ஊர்வசி சூழ்ச்சி செய்யும்போது மட்டும் பெரியவர் ஒருவர் எழுந்து அடுக்களைக்குப் போகாதிருக்க வேண்டும்.